குளிரும் சத்தமும்: மடுல்சீமை மலையில் இரவு உறங்குவது எப்படி?

பசறையிலிருந்து ஏறும் பாதை மடுல்சீமை நகரத்தைத் தாண்டிப் பிட்டமாறுவ பக்கம் போகும்போது, மலை சட்டென்று அறுந்து விழும் ஒரு விளிம்பு வருகிறது. 'சின்ன உலக முடிவு' என்று பெயர் பெற்ற அந்த இடத்தைப் பார்க்க வருகிறவர்கள் பகலில் வந்து பகலிலேயே திரும்புவதில்லை. விடியற்காலைப் பனிமூட்டத்துக்காக இரவு தங்குகிறார்கள். சிலர் கூடாரம் அடிக்கிறார்கள், சிலர் வீட்டு விடுதிகளில் அறை எடுக்கிறார்கள், வசதி உள்ளவர்கள் ஊவா மலைகளில் வாடகைக்கு விடப்படும் பழைய துரை பங்களாக்களைத் தேடிப் போகிறார்கள். மறுநாள் இவர்களிடம் கேட்டால் இரண்டு குறைகள்தான் திரும்பத் திரும்ப வருகின்றன. ஒன்று குளிர். மற்றது சத்தம்.

அந்நிய இடத்தில் படுக்கும்போது அறை எவ்வளவு சூடாக, எவ்வளவு அமைதியாக இருக்க வேண்டும் என்ற கேள்விக்கு இரண்டாயிரம் ஆண்டுகளாக மனிதர்கள் விடை சொல்லி வருகிறார்கள். அந்த விடைகளில் பெரும்பாலானவை உறங்குகிறவரைப் பார்த்துச் சொல்லப்பட்டவை: போர்த்திக்கொள், காதை அடைத்துக்கொள், பழகிக்கொள். கட்டடத்தைப் பார்த்துச் சொல்லப்பட்டவை குறைவு. மடுல்சீமை போன்ற ஒரு மலையில் இந்த வேறுபாடு கண்ணெதிரே நிற்கிறது. ஒரே மழை, ஒரே காற்று, ஒரே தோட்டம். மேலே பங்களா, கீழே தொழிலாளர் குடும்பங்களின் வரிசை வீடான லயன். இரண்டிலும் இரவு ஒன்றாக இருப்பதில்லை.

பழைய வழக்குகள்

ரோம் நகரத்து வாடகை அறைகளில் யாருக்குத்தான் உறக்கம் வருகிறது, அங்கே தூங்குவதற்கே பெரும் பணம் வேண்டும் என்று கவிஞர் யுவனால் தம் மூன்றாம் அங்கதப் பாடலில் குறைப்பட்டார். வண்டிச் சக்கரங்களின் சத்தத்தில் நோயாளிகள் தூக்கமின்றியே சாகிறார்கள் என்பது அவர் வாதம். அவருக்கு முந்தைய தலைமுறையில் தத்துவஞானி செனெகா நேர் எதிரான நிலையை எடுத்தார். அவருடைய 56ஆவது கடிதம் ஒரு குளிப்பு மண்டபத்துக்கு மேலே தங்கியிருந்தபோது எழுதப்பட்டது. எடை தூக்குகிறவர்களின் முனகல், தண்ணீரில் குதிக்கும் சத்தம், தின்பண்டம் விற்கிறவர்களின் கூவல் என்று ஒவ்வொன்றாக அடுக்கிவிட்டு, மனம் அடங்கியிருந்தால் வெளிச்சத்தம் ஒன்றும் செய்யாது என்கிறார். கடிதத்தின் முடிவிலோ, அங்கிருந்து கிளம்பிவிடப்போவதாகச் சொல்கிறார். இன்றுவரை இந்த விவாதம் அந்த இரண்டு முனைகளுக்கும் நடுவில்தான் ஊசலாடுகிறது.

நம் இலக்கியத்திலும் இந்தக் கேள்வி உண்டு. நக்கீரரின் நெடுநல்வாடை ஒரே குளிரிரவை இரண்டு இடங்களில் வைத்துக் காட்டுகிறது. மாளிகையில் கதவுகள் அடைக்கப்படுகின்றன, விசிறிகள் சும்மா தொங்குகின்றன, தீச்சட்டிகள் வருகின்றன. பாசறையிலோ அரசன் உறங்காமல், வாடைக் காற்றில், காயம்பட்ட வீரர்களைப் பார்த்து நடக்கிறான். குளிரைத் தடுப்பது சுவரும் கதவும் என்பதை அந்தப் பாட்டு வெகு துல்லியமாகக் கவனித்திருக்கிறது.

விடுதி அறைக்கே உரிய வழக்கு 1776 செப்டெம்பரில் நடந்தது. பெஞ்சமின் பிராங்க்ளினும் ஜான் ஆடம்ஸும் ஸ்டேட்டன் தீவில் பிரித்தானியத் தளபதி ஹோவைச் சந்திக்கப் போகும் வழியில் நியூ பிரன்ஸ்விக் ஊர் விடுதியில் ஒரே கட்டிலைப் பகிர நேர்ந்தது. இரவுக் காற்று உடம்புக்கு ஆகாது என்று ஆடம்ஸ் ஜன்னலை மூடினார். மூடிய அறையில் பலர் விட்ட மூச்சுத்தான் சளி பிடிக்கக் காரணம் என்று சொல்லி பிராங்க்ளின் திறக்கச் சொன்னார். பிராங்க்ளின் விளக்கிக்கொண்டே போக, ஆடம்ஸ் தூங்கிவிட்டார். ஜன்னல் திறந்தே இருந்தது.

'பழகிவிடும்' என்ற விடை

மலையகத்தில் மிக அதிகமாகக் கேட்கும் விடை இது. தோட்டத்தில் பிறந்தவர்களுக்குக் குளிர் ஒன்றும் தெரியாது, ஸ்டோர் எனப்படும் தேயிலைத் தொழிற்சாலையின் சத்தம் அவர்கள் காதில் விழாது என்பார்கள். விருந்தினர் இதைச் சொல்கிறார்கள், விடுதி நடத்துகிறவர்கள் சொல்கிறார்கள், சில வேளை லயன் மக்களே சொல்கிறார்கள்.

இதற்கு ஆய்வு ஆதரவு இல்லாமல் இல்லை. 1950களின் இறுதியில் ஷோலாண்டர், ஹாமெல் முதலிய உடலியலாளர்கள் மத்திய ஆஸ்திரேலியாவின் பூர்வகுடி மக்களோடு இரவு தங்கி அளந்தார்கள். அம்மக்கள் உடையின்றி, சிறு நெருப்புகளுக்கு இடையே, தோல் வெப்பம் வெகுவாக இறங்கியும் நடுங்காமல் உறங்கினார்கள். அதே நிலையில் படுத்த வெள்ளை ஆய்வாளர்களுக்கு நடுக்கத்தால் உறக்கம் பிடிக்கவில்லை. அதே காலத்தில் நோர்வே மலையில் இளைஞர்களை ஆறு வாரம் மெல்லிய போர்வையோடு இருக்கவைத்த மற்றொரு ஆய்வில், உடல் அதிக வெப்பம் உண்டாக்கியபடியே உறங்கக் கற்றுக்கொண்டது தெரிந்தது. ஆக, குளிருக்குப் பழகுவது உண்மை. அந்தப் பழக்கம் ஒரே மாதிரியானதல்ல என்பதும் உண்மை.

இந்த நிலைப்பாட்டின் ஓட்டை வேறிடத்தில் இருக்கிறது. உறங்க முடிகிறது என்பதும் உடம்புக்குத் தீங்கில்லை என்பதும் ஒன்றல்ல. சத்தம் பற்றிய ஆய்வுகள் இதைத் தெளிவாகக் காட்டின. பிரான்சில் முசே முதலியோர் செய்த ஆய்வுகளில், சாலைச் சத்தத்துக்கு நடுவே படுப்பவர்கள் சில இரவுகளில் விழிப்பது குறைந்துவிடுகிறது. ஆனால் ஒவ்வொரு சத்தத்துக்கும் இதயத் துடிப்பு எகிறுவது அப்படியே தொடர்கிறது. 2013இல் ஜெர்மனியின் மைன்ஸ் நகர மருத்துவர்கள், நல்ல உடல்நிலை உள்ளவர்களுக்கு ஓரிரவு விமானச் சத்தத்தைக் கேட்கவைத்து, காலையில் இரத்தக் குழாய்களின் விரியும் திறன் குறைந்திருப்பதைக் கண்டார்கள். காது பழகுகிறது, இதயம் அவ்வளவாகப் பழகுவதில்லை எனலாம். "அவர்களுக்குப் பழகிவிட்டது" என்று நாம் சொல்லும்போது, விழிக்காததை மட்டுமே கணக்கில் எடுக்கிறோம்.

இந்த விடைக்கு இன்னொரு பயனும் இருந்திருக்கிறது. செலவு செய்யாமல் இருப்பதற்கு அது ஒரு நியாயம். கோப்பி இலைநோய் இலங்கையில் முதன்முதலாக 1869இல் கவனிக்கப்பட்டது இதே மடுல்சீமையில்தான். அதற்குப் பின் கோப்பி சரிந்து தேயிலை வந்தது. கோப்பிக்குப் பெருமளவில் பருவத்துக்கு வந்து போகும் ஆட்கள் போதும். தேயிலைக்கோ ஆண்டு முழுதும் கொழுந்து பறிக்கக் குடும்பங்கள் வேண்டும். சில மாதம் தலை சாய்க்க எழுப்பிய வரிசைக் கொட்டகையின் வடிவமே நிரந்தர வீட்டின் வடிவமாக நிலைத்தது. லயன் என்பது தொடக்கத்தில் ஒரு தற்காலிகத் தங்குமிடம். அதன் குறைகளைப் 'பழக்கம்' என்ற சொல் நூறாண்டுக்கு மேல் மூடிவைத்தது.

ஜன்னலைத் திறப்பதா, மூடுவதா

பிராங்க்ளினின் கட்சிக்கு 19ஆம் நூற்றாண்டில் வலுவான துணை கிடைத்தது. புளோரன்ஸ் நைட்டிங்கேல் 1859இன் இறுதியில் வெளியிட்ட செவிலியர் குறிப்புகளில் முதல் அத்தியாயமே காற்றோட்டமும் கதகதப்பும் பற்றியது. வெளிக்காற்று போல அறைக்காற்று தூய்மையாக இருக்க வேண்டும், ஆனால் நோயாளி குளிரக் கூடாது என்பது அவர் விதி. அறை குளிர்ந்திருப்பதாலேயே அது காற்றோட்டமுள்ள அறை ஆகிவிடாது என்றும் எச்சரித்தார். விடியற்காலையில்தான் உடல் வெப்பம் மிகத் தாழும், அப்போது நோயாளியின் காலைத் தொட்டுப் பார்க்க வேண்டும் என்ற அவருடைய அறிவுரைக்குப் பிறகு மீண்டும் வருவோம். சத்தத்துக்கும் அவர் தனி அத்தியாயம் ஒதுக்கினார். காசநோய் மருத்துவமனைகள் திறந்த தாழ்வாரங்களில் நோயாளிகளைப் படுக்கவைத்த காலம் இதைத் தொடர்ந்தது.

அண்மைய அளவீடுகளும் இந்தக் கட்சியை முற்றிலும் தள்ளவில்லை. 2016இல் வெளியான டென்மார்க் ஆய்வு ஒன்றில், மாணவர் விடுதி அறைகளுக்குள் வெளிக்காற்று கூடுதலாக வந்த இரவுகளுக்கு மறுநாள் மாணவர்கள் தெளிவாகச் சிந்தித்தார்கள். பத்துக்குப் பன்னிரண்டடி லயன் காம்பராவில் ஐந்தாறு பேர் படுத்து, அடுப்பின் புகையும் அங்கேயே சுற்றும்போது இந்தக் கேள்வி இன்னும் கூர்மையாகிறது. முதுகோடு முதுகாகக் கட்டிய இரட்டை லயன்களில் குறுக்குக் காற்றுக்கு வழியே இல்லை.

திறந்த ஜன்னலின் பலவீனம் இரண்டு. அது குளிரை உள்ளே விடுகிறது, சத்தத்தையும் உள்ளே விடுகிறது. பாதி திறந்த ஜன்னல் வெளிச் சத்தத்தில் சுமார் 15 டெசிபலைத்தான் தடுக்கும் என்பது உலக சுகாதார நிறுவனம் 1999இல் எடுத்துக்கொண்ட கணக்கு. மூடினால் கூடுதலாகத் தடுக்கலாம். ஆனால் சுவர்ப் பரப்பில் நூற்றில் ஒரு பங்கு இடைவெளி இருந்தாலே, எவ்வளவு தடித்த சுவராக இருந்தாலும் 20 டெசிபலுக்கு மேல் தடுக்க முடியாது. மலை விடுதிகளில் கதவடி இடுக்கும் கூரைக்கும் சுவருக்கும் நடுவிலான சந்தும் இந்த ஒரு பங்கை எளிதாகத் தாண்டிவிடும். ஜன்னலைச் சாத்திக்கொண்டு சத்தத்தோடும் புழுங்கிய காற்றோடும் கிடப்பதுதான் பல விருந்தினருக்கு வாய்ப்பது.

பங்களாக்காரர்களின் விடை கணப்பு. அப்புத்தளையில் சர் தோமஸ் வில்லியர்ஸ் 1931இல் கருங்கல்லால் கட்டிய அடிஷாம் பங்களா முதல் சாதாரணத் தோட்டத்துரை பங்களா வரை கணப்பு வைத்துக் கட்டுவது அக்கால வழக்கம். பார்க்க அழகானது. வெப்பத்துக்கு அவ்வளவாக உதவாது. எரியும் சூட்டின் பெரும்பகுதி புகைபோக்கி வழியே போய்விடுகிறது என்று ரம்போர்ட் பிரபு 1796லேயே எழுதினார். நெருப்பு எரிய எரிய அறைக்குள்ளிருந்த சூடான காற்றை மேலே இழுத்துவிட்டு, வெளியிலிருந்து குளிர்ந்த காற்றை வரவழைக்கிறது. புகைபோக்கியும் இல்லாத மூடிய அறையிலோ கூடாரத்திலோ கரி மூட்டிவிட்டுப் படுப்பது பற்றி இரண்டு கருத்துக்கு இடமில்லை. மணமற்ற கார்பன் மொனொக்சைட்டு வாயு உறக்கத்திலேயே உயிரெடுக்கும்.

அறையைச் சூடாக்குவதா, படுக்கையையா

இந்தப் பிரிவில்தான் ஆய்வும் வழக்கமும் ஏறக்குறைய ஒத்துப்போகின்றன.

உறக்கம் வருவதற்கு உள்ளுடல் வெப்பம் சற்று இறங்க வேண்டும். அது இறங்க, கை கால் தோலின் இரத்தக் குழாய்கள் விரிந்து வெப்பத்தை வெளியே விட வேண்டும். பாசல் நகரத்தின் கிரோய்ஹி குழுவினர் 1999இல் 'நேச்சர்' இதழில் காட்டியது இதைத்தான்: பாதம் கதகதப்பாக இருப்பவர்கள் விரைவில் உறங்குகிறார்கள். படுக்கப்போவதற்கு ஓரிரு மணி நேரம் முன்பு சுடுதண்ணீரில் குளிப்பது உறக்கம் பிடிக்கும் நேரத்தைச் சராசரியாகப் பத்து நிமிடம் அளவுக்குக் குறைக்கிறது என்று 2019இல் பல ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தவர்கள் சொன்னார்கள். நைட்டிங்கேல் விடியற்காலையில் காலைத் தொட்டுப் பார்க்கச் சொன்னதன் உடலியல் ஏறக்குறைய நூற்று நாற்பது ஆண்டு கழித்துத்தான் விளங்கியது.

ஜப்பானிய ஆய்வாளர்கள் படுக்கைக்குள் இருக்கும் வெப்பத்தைத் தனியாக அளக்கிறார்கள். நன்றாக உறங்குகிறவரின் போர்வைக்குள்ளே அது 32 முதல் 34 பாகை செல்சியஸ் வரை இருக்கிறது, அறை வெப்பம் கணிசமாக மாறினாலும். போதிய போர்வை இருந்தால் குளிர்ந்த அறை உறக்கத்தின் கட்டங்களைப் பெரிதாகக் குலைப்பதில்லை, வெக்கைதான் கூடுதலாகக் குலைக்கிறது என்பது அவர்கள் முடிவு. கம்பளியின் வரலாறும் இதைத்தான் சொல்கிறது. கோப்பிக் காலத்தில் தோட்டத்துக்கு வந்தவர்களுக்கு ஆளுக்கொரு கம்பளி கொடுக்கப்பட்டு, அதன் விலை கடன் கணக்கில் ஏறியது. குளிருக்கு நிர்வாகம் தந்த ஒரே விடை அதுதான். அதையும் தொழிலாளியே விலை கொடுத்து வாங்கினார். கொழுந்து எடுக்கப் போகும்போது மழைக்குப் போட்ட கம்பளியையே இரவில் ஈரத்தோடு போர்த்தியவர்களுக்கு இந்த ஆய்வு முடிவுகள் பொருந்தா. ஈரம் ஏறிய போர்வை வெப்பத்தைக் கடத்திவிடும்.

விருந்தினருக்கும் இதில் பாடம் உண்டு. ஹீட்டர் இல்லையே என்று வருந்துவதைவிட, காலுறை, சுடுதண்ணிப் பை, உலர்ந்த கூடுதல் போர்வை கேட்டு வாங்குவது பயன்படும். கூடாரத்தில் படுப்பவர் மேலே போர்த்துவதைவிடக் கீழே விரிப்பதில் கவனம் வைக்க வேண்டும். உடம்பின் சூட்டை நிலம் இழுத்துக்கொள்ளும், உடம்புக்கு அடியில் நசுங்கிக்கிடக்கும் போர்வை அதைத் தடுக்காது.

குளிருக்குச் சாராயம் என்ற விடையும் கூடாரத்திலும் லயனிலும் உயிரோடிருக்கிறது. தோலுக்குச் சூடு வருவது உண்மை. ஆனால் அந்தச் சூடு உள்ளிருந்து வெளியேறும் சூடு. முன்னிரவில் கண் அயரவைத்துப் பின்னிரவில் அது உறக்கத்தை உடைக்கிறது என்பதில் ஆய்வாளர்களிடையே பெரிய கருத்து வேறுபாடு இல்லை.

படுக்கையே போதும் என்ற நிலைப்பாட்டுக்கும் எல்லை உண்டு. முகமும் மூச்சும் போர்வைக்கு வெளியேதான் இருக்கின்றன. குழந்தையும் முதியவரும் இரவில் எழ வேண்டியிருக்கிறது. உலக சுகாதார நிறுவனம் 2018இல் வெளியிட்ட வீட்டுவசதி வழிகாட்டி, மிதமான அல்லது குளிரான காலநிலை உள்ள இடங்களில் வீட்டுக்குள் 18 பாகைக்குக் குறையாமல் இருக்க வேண்டும் என்கிறது. அது போர்வைக்குள் இருக்க வேண்டிய வெப்பமல்ல, அறைக்குள் இருக்க வேண்டியது.

சத்தம்: அளவா, அர்த்தமா

முதல் இரவில் உறக்கம் கெடுவது 1966லேயே உறக்க ஆய்வுக்கூடங்களில் கவனிக்கப்பட்டு, 'முதலிரவு விளைவு' என்று பெயரிடப்பட்டது. 2016இல் பிரவுன் பல்கலைக்கழகத்தின் தமாகி, சசாகி குழுவினர் அதன் காரணத்தைத் தேடியபோது, புது இடத்தில் முதல் இரவு மூளையின் இடப்பாதி வலப்பாதியைவிட மேலோட்டமாக உறங்குவதையும், வழக்கமில்லாத ஒலிக்கு அந்தப் பாதி கூடுதலாக எழுவதையும் கண்டார்கள். ஒரு பாதி காவலிருக்கிறது எனலாம். விடுதியில் ஒரே இரவு தங்குகிறவருக்கு எல்லா இரவும் முதல் இரவே.

உறங்கும் மூளை ஒலியின் பொருளையும் எடைபோடுகிறது. இயன் ஓஸ்வால்டும் சக ஆய்வாளர்களும் 1960இல் காட்டியபடி, உறங்குகிறவரின் சொந்தப் பெயர் மற்றப் பெயர்களைவிட வலுவான மூளை அலையை எழுப்புகிறது. இந்த மலையில் கேட்கும் ஒலிகளை இப்படிப் பார்த்தால் பல விளங்கும். தேயிலைத் தொழிற்சாலையில் கொழுந்தை வாட்டும் தட்டுகளின் விசிறிகள் இரவு முழுதும் ஓடுகின்றன. அது ஒரே சீரான இரைச்சல். லயனில் படுப்பவரை எழுப்புவது அந்த விசிறியின் ஓட்டத்தைவிட அதன் நிற்பாகவும் இருக்கலாம். விருந்தினருக்கோ அந்த இரைச்சலே அந்நியம். முன்காலத்தில் விடியுமுன் தப்படித்துத் தொழிலாளரை எழுப்பினார்கள். அந்த ஒலியின் அளவை எந்தக் கருவி கொண்டு அளந்தாலும், அதற்குப் பின்னால் நின்ற பெரட்டு என்ற ஆள் கணக்கெடுப்பும், அன்றைய கூலி போகப் பேர் வெட்டப்படும் பயமும் டெசிபலில் வராது.

ஒலியை வேறொரு ஒலியால் மறைக்கும் முறை, அதாவது மின்விசிறியோ கைத்தொலைபேசியின் மழைச் சத்தமோ போட்டுக்கொள்வது, இன்று விடுதிகளில் பரவலாகிவிட்டது. இதைப் பற்றி 2021இல் வந்த தொகுப்பாய்வு ஆதாரத்தின் தரம் குறைவு என்றே முடித்தது. காதடைப்பானுக்கு அதைவிடச் சற்று நல்ல ஆதரவு இருக்கிறது, அதுவும் மருத்துவமனை தீவிர சிகிச்சைப் பிரிவு ஆய்வுகளிலிருந்து. கைக்குழந்தையோடு இருக்கும் தாய் காதை அடைத்துக்கொண்டு படுக்க மாட்டார் என்பதை இந்த ஆய்வுகள் கணக்கில் எடுப்பதில்லை.

கூரை

குளிரும் சத்தமும் தனித்தனி நூல்களில், தனித்தனி நிபுணர்களால் ஆராயப்பட்டிருக்கின்றன. மடுல்சீமையில் இரண்டும் ஒரே பொருள் வழியாக வருகின்றன: கூரைத் தகரம்.

ஆதி லயன்கள் பல மண்சுவரும் மானாப்புல் கூரையுமாக இருந்தவை. புல் குளிரைத் தடுக்கும், மழைச் சத்தத்தை விழுங்கும். ஒழுகும், தீப்பிடிக்கும், எலி குடியேறும் என்பதால் தகரம் வந்தது. தகரம் வந்ததும் ஒழுக்கும் தீயும் குறைந்தன, இரவு மாறியது. மேகமில்லாத தை மாத இரவில் மெல்லிய தகரம் தன் சூட்டை வானத்துக்கு வீசிவிட்டு, சுற்றியுள்ள காற்றைவிடவும் குளிர்ந்துவிடுகிறது. உள்ளே படுத்திருப்பவர்களின் மூச்சிலும் அடுப்பிலும் இருந்து எழும் ஈரம் அதன் அடிப்பக்கத்தில் பனித்துளியாகத் திரண்டு, விடியற்காலையில் போர்வையின்மேல் சொட்டுகிறது. மழை பெய்யாத இரவில் ஏன் கூரை சொட்டுகிறது என்று புதிதாகத் தங்குகிறவர்கள் திகைப்பது இதனால்தான். இன்னொன்றும் உண்டு. மனித உடல் காற்றின் குளிரை மட்டும் உணர்வதில்லை, சுற்றியுள்ள பரப்புகளின் குளிரையும் உணர்கிறது. ஆகவே தகரத்துக்குக் கீழே வெப்பமானி காட்டும் பாகை, அங்கே படுத்திருப்பவர் உணரும் குளிரைக் குறைத்தே சொல்லும். மேலே சொன்ன 18 பாகை அளவுகோல் இந்த இடத்தில் சறுக்குகிறது.

சத்தத்துக்கு வருவோம். ஐப்பசி, கார்த்திகையில் பெருமழை இறங்கும்போது தகரத்துக்குக் கீழே பேசினால் கேட்காது. ஆனி முதல் ஆவணி வரை கச்சான் காற்று. ஊவாவின் தேயிலைக்கு மணம் சேர்க்கும் அந்த வறண்ட காற்றே இரவில் தகரத்தின் தளர்ந்த விளிம்பைத் தூக்கித் தூக்கி அடிக்கிறது. லயன் கூரைகளின்மேல் கல்லும் மண்மூட்டையும் வரிசையாக இருப்பது அதைப் பிடித்துவைக்கத்தான். பல பழைய லயன்களில் காம்பராக்களுக்கு இடைப்பட்ட சுவர் கூரைவரை எழும்பியிருப்பதில்லை. ஒரு வீட்டில் குழந்தை இருமினால் அது கூரைக்கடியால் வரிசை முழுக்கப் போகும்.

பங்களாவின் கூரையும் பல இடங்களில் தகரந்தான். வித்தியாசம் அதற்குக் கீழே இருக்கிற மரச் சீலிங். தகரத்துக்கும் சீலிங்குக்கும் நடுவில் அடைபட்ட காற்று வெப்பத்தைத் தடுக்கிறது, மழையின் அறைதலை மங்கவைக்கிறது, சொட்டும் துளியையும் படுக்கைக்கு வராமல் தாங்குகிறது. தடித்த கற்சுவர் மீதியைச் செய்கிறது. உறங்குகிறவரின் பழக்கமும் மனப்பக்குவமும் அங்கே தேவைப்படவில்லை. வீட்டு விடுதி தொடங்க நினைக்கும் தோட்டக் குடும்பங்கள் முதலில் மெத்தையும் வெந்நீர்க் குழாயும் வாங்குகிறார்கள். இந்தக் கட்டுரை பரிசீலித்த விடைகளை வைத்துப் பார்த்தால், ஒரு காம்பராவுக்கு இடைவெளி விட்டுச் சீலிங் அடிப்பது அதே செலவில் இரண்டு குறையையும் சேர்த்துத் தீர்க்க வாய்ப்பு அதிகம்.

இந்திய உதவியோடு ஏழு பேர்ச் நிலத்தில் கட்டப்பட்ட 550 சதுர அடித் தனி வீடுகள் பக்கத்து வீட்டுச் சுவர்ச் சத்தத்தைத் தீர்த்திருக்கின்றன. அது சிறிய மாற்றமல்ல. கூரைக்குள் சீலிங் உண்டா இல்லையா என்பதை வைத்துத்தான் இரவின் மீதிப் பாதி தீரும்.

சட்டம் எவ்வளவு தூரம் வரும்

யுவனாலின் குறைக்கு இலங்கைச் சட்டத்தில் பதில் உண்டு. 1996ஆம் ஆண்டின் ஒலிக் கட்டுப்பாட்டு ஒழுங்குவிதிகள் பிரதேச சபைப் பகுதிகளில் பகலுக்கு 55, இரவுக்கு 45 டெசிபல் என்று எல்லை வகுத்தன. மாத்தறை மாவட்டத்தின் வெலிகமையில் எழுந்த ஒலிபெருக்கி வழக்கில் உயர் நீதிமன்றம் 2007 நவம்பரில் இரவு பத்து மணி முதல் காலை ஆறு மணி வரை ஒலிபெருக்கிக்குப் பொதுவாக அனுமதி கொடுக்கக் கூடாது என்றது. எல்லா மதத்துக்கும், எல்லாக் கொண்டாட்டத்துக்கும் பொருந்தும் அந்தத் தீர்ப்பு மலையகத் திருவிழாக்களையும் எல்ல நகரின் களியாட்ட விடுதிகளையும் ஒரே கோட்டில் வைக்கிறது.

ஒரு கணக்குப் போட்டுப் பார்க்கலாம். வெளியே 45 டெசிபல், திறந்த ஜன்னல் தடுப்பது 15. உள்ளே 30. படுக்கையறைக்கு உலக சுகாதார நிறுவனம் 1999இல் சொன்ன அளவும் அதே 30தான். ஆக, சட்டத்தின் எல்லை காகிதத்தில் சரியாகவே இருக்கிறது. அது சுவரும் ஜன்னலும் உள்ள அறைக்கான கணக்கு. கூடாரத் துணி ஏறக்குறைய ஒன்றையும் தடுப்பதில்லை. சுவருக்கும் கூரைக்கும் இடையே கைநுழையும் சந்துள்ள காம்பராவில் அந்தப் பதினைந்தும் முழுதாகக் கிடைக்குமா என்பது ஐயம். மழையையும் காற்றையும் எந்தச் சட்டமும் கட்டாது.

இன்னும் தீராதவை

ஓரளவு உறுதியாகச் சொல்லக்கூடியவை உண்டு. அறையைவிடப் படுக்கை கதகதப்பாக இருப்பது உறக்கத்துக்கு நல்லது. காற்றோட்டத்தை அடைத்துக் குளிரைத் தடுப்பது தவறான பேரம். சத்தத்துக்குக் காது பழகுவதை வைத்து உடல் பழகிவிட்டது என்று முடிவு கட்டக் கூடாது. கூரைக்கடியில் சீலிங் என்ற எளிய விடை, கம்பளிக்கும் காதடைப்பானுக்கும் கொடுக்கப்பட்ட கவனத்தில் கால் பங்கும் பெறவில்லை.

மூன்று கேள்விகள் திறந்தே இருக்கின்றன. 18 பாகை என்ற எல்லை பெரும்பாலும் ஹீட்டர் உள்ள குளிர்நாடுகளின் தரவிலிருந்து வந்தது. வீட்டைச் சூடாக்கும் வழக்கமே இல்லாத, பகலில் வெயிலும் இரவில் குளிருமான ஊவா மலைக்கு அது எவ்வளவு பொருந்தும்? இரண்டாவது, தகரத்தின்மேல் பெய்யும் மழையைச் சத்தம் என்று எண்ணுவதா, மற்றச் சத்தத்தை மறைக்கும் போர்வை என்று எண்ணுவதா? மழையிரவில்தான் நன்றாகத் தூக்கம் வரும் என்று மலையில் பலர் சொல்வதை ஒதுக்கவும் முடியாது, அப்படியே ஏற்கவும் முடியாது. மூன்றாவது, முப்பது நாற்பது ஆண்டு இத்தகைய இரவுகளில் உறங்கியவர்களின் இரத்த அழுத்தத்திலும் இதயத்திலும் அதன் தடம் என்ன? வறுமை, புகை, உழைப்பு, உணவு எல்லாம் பின்னிக்கிடக்கும் ஓரிடத்தில் உறக்கத்தின் பங்கை மட்டும் பிரித்தெடுப்பது எளிதல்ல.

முதல் இரண்டுக்கும் பெரிய ஆய்வுக்கூடம் தேவையில்லை. மடுல்சீமையின் ஒரு தோட்டத்தில், சீலிங் அடித்த காம்பரா ஒன்றிலும் அடிக்காத காம்பரா ஒன்றிலும், கூடவே வாடகைக்கு விடும் பங்களா அறை ஒன்றிலும், தை மாதத்தில் சில இரவும் கச்சான் காலத்தில் சில இரவும் வெப்பமானியும் ஒலிமானியும் வைத்து அளந்தால் பெருமளவு தெளிவு கிடைத்துவிடும். மூன்றாவதற்கு ஒரு தலைமுறையைத் தொடர்ந்து கவனிக்க வேண்டியிருக்கும்.